மையவாடிப் புல்லை எப்போது அறுப்பது?

போன வருடம் ஷஅபான் பிறை தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன், எங்கள் மஹல்லா ஜமாஅத் கூட்டத்தில் ஒரு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டது. மையவாடியைச் சுத்தம் செய்ய ஜேசிபி வாடகை, களைக்கொல்லி மருந்து, தெளிக்கிற ஆள் கூலி. யாரும் மறுத்துப் பேசவில்லை. நானும்தான் பேசவில்லை. பராஅத் இரவில் ஜியாரத்துக்கு வருகிறவர்கள் நெருஞ்சி முள்ளை மிதிக்காமல் நடக்க வேண்டும், பெரியவர்கள் தடுக்கி விழக்கூடாது, பாம்பு பயம் இருக்கக்கூடாது. எல்லாம் நியாயமான காரணங்கள்.

வேலை முடிந்த மூன்றாம் நாள் வாப்பாவின் கபுருக்குப் போனேன். முந்தின வாரம் வரை தும்பை வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்த இடம், உழுது போட்ட தரை மாதிரி இருந்தது. மீஸான் கற்கள் இரண்டு மூன்று சாய்ந்து கிடந்தன; எது யாருடையது என்று வீட்டுக்காரர்களே தேடிக்கொண்டிருந்தார்கள். மருந்து அடித்த ஓரங்களில் செடிகள் பழுத்துத் தொங்கின. குழி வெட்டுகிற பெரியவர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். "பட்டாம்பூச்சி ஒண்ணுகூட இல்ல தம்பி, பாத்தீங்களா?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தேட வைத்தது. மையவாடியைப் புதராகவும் விடாமல், மொட்டையாகவும் அடிக்காமல் பராமரிக்க வழி உண்டா? உண்டு. அது புதிதும் இல்லை. இங்கிலாந்தின் புல்வெளி விவசாயிகள் பல நூறு ஆண்டுகள் செய்த வேலையும், நம் ஃபிக்ஹு நூல்களில் மையவாடிப் புல்லைப் பற்றி எழுதப்பட்டிருப்பதும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன.

யூசுஃப் அலீ அடங்கியிருக்கும் இடம்

குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பு என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருகிற இரண்டு பெயர்கள் அப்துல்லாஹ் யூசுஃப் அலீ, மர்மடியூக் பிக்தால். பிக்தால் ஹைதராபாத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். 1920களில் சென்னைக்கும் வந்து இஸ்லாம் பற்றித் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தியவர். 1936இல் பிக்தாலும் 1953இல் யூசுஃப் அலீயும் இங்கிலாந்தில் மறைந்தார்கள். இருவரும் ஒரே மையவாடியில்தான் அடக்கப்பட்டிருக்கிறார்கள். லண்டனுக்குத் தென்மேற்கே, வோக்கிங் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் புரூக்வுட்.

புரூக்வுட் 1854இல் திறக்கப்பட்டது. லண்டன் நகருக்குள் அடக்க இடமில்லாமல் போனதால் வெளியே ஒரு பொட்டல் காட்டை வாங்கி, பிணங்களைக் கொண்டுபோகத் தனி ரயிலே விட்டார்கள். இன்றும் 200 ஏக்கருக்கு மேல் இருக்கிறது. அந்த நிலம் மணற்பாங்கானது, சத்தில்லாதது, விவசாயத்துக்கு ஆகாதது. கலப்பையும் உரமும் அதிகம் தொடாத அப்படிப்பட்ட மண்ணில்தான், சுற்றியுள்ள வயல்களில் எப்போதோ காணாமல்போன காட்டுச் செடிகள் தப்பிப் பிழைக்கின்றன.

புரூக்வுட்டுக்கு மட்டுமான கதையில்லை இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களில் இருந்த பூக்கள் நிறைந்த தாழ்நிலப் புல்வெளிகளில் 97 சதவீதம், 1984க்குள் அழிந்துவிட்டன. இரண்டாம் உலகப்போரின்போது உணவுப் பற்றாக்குறைக்காகப் புல்வெளிகளை உழுது தானியம் போட்டார்கள். போர் முடிந்த பிறகு ரசாயன உரம் வந்தது. மாட்டுக்கு வேகமாக வளர்கிற ஒரே வகைப் புல்லை விதைத்து, பூக்கும் முன்பே அறுத்துப் பச்சைத் தீவனமாகப் பதப்படுத்தத் தொடங்கினார்கள். செடி விதை போட நேரமே கிடைக்கவில்லை. ஐம்பது வருடத்தில் எல்லாம் முடிந்தது. மிஞ்சியது சாலையோரங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் பழைய அடக்கத்தலங்களிலும்தான். அதனால்தான் இன்று அங்கே காட்டுப் பூக்களைத் திரும்பக் கொண்டுவர நினைப்பவர்கள் கல்லறைத் தோட்டங்களை அவ்வளவு கவனமாகப் பார்க்கிறார்கள்.

நம் ஊர் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் வயல், அல்லது மனை போட்ட நிலம், அல்லது சீமைக்கருவேலங்காடு. நடுவில் இருநூறு வருடமாக உழாத, உரம் போடாத, யாரும் விற்க முடியாத வக்ஃப் நிலம் ஒன்று உண்டென்றால் அது மையவாடிதான்.

அறுப்பில்தான் எல்லாம்

பூக்கள் நிறைந்த புல்வெளி தானாக உண்டாவதில்லை. சும்மா விட்டால் முரட்டுப் புல் ஏறும், பிறகு முள், பிறகு மரம். இங்கிலாந்தில் அது புல்வெளியாகவே நின்றதற்குக் காரணம் வைக்கோல் அறுப்பு. வசந்தத்தில் வளர விடுவார்கள். கோடையில் பூத்து, காய்த்து, விதை கொட்டிய பிறகு, ஜூலை கடைசி அல்லது ஆகஸ்டில் ஒரே ஒரு அறுப்பு. அறுத்ததைச் சில நாள் அங்கேயே காய வைப்பார்கள். புரட்டும்போது மீதி விதையும் உதிரும். பிறகு ஒரு கற்றை விடாமல் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விடுவார்கள்.

அந்தக் கடைசி வேலைதான் பலருக்கும் புரியாதது. அறுத்ததை அங்கேயே போட்டால் மண்ணுக்கு உரம்தானே, நல்லதுதானே என்று தோன்றும். தோட்டத்துக்கு நல்லது, காட்டுப் பூவுக்குக் கெடுதல். மண்ணில் சத்து ஏறினால் அதை முதலில் உறிஞ்சி உயரமாக வளர்வது முரட்டுப் புல்தான். நிழலில் சிக்கிய சின்னச் செடிகள் செத்துப்போகும். ஏழை மண்ணில் எதுவும் அடங்காமல் வளர முடியாது, ஆகவே எல்லோருக்கும் இடம் கிடைக்கிறது. ஒவ்வொரு வருடமும் அறுத்து வெளியே எடுப்பது அந்த மண்ணை ஏழையாகவே வைத்திருக்கும் வேலை.

அவர்கள் புல்லை அடக்க ஒரு செடியையும் நம்பியிருக்கிறார்கள். 'யெல்லோ ரேட்டில்' என்று பெயர், மஞ்சள் பூ. தன் வேரைப் பக்கத்துப் புல்லின் வேரில் கோத்து அதன் சத்தைத் திருடும். புல் மெலியும், இடைவெளி விழும், மற்ற பூக்கள் முளைக்கும். காய் முற்றினால் உள்ளே விதை கிலுகிலுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அறுப்புக்கு நேரம் வந்துவிட்டது என்று பழைய விவசாயிகள் எடுத்துக்கொள்வார்களாம். நம் சோளக்காட்டில் விவசாயி சபிக்கிற சுடுமல்லி இதே குடும்பத்துச் செடிதான். ஓரிடத்தில் கள்ளன், இன்னோரிடத்தில் காவல்காரன்.

கடைகளில் 'காட்டுப் பூ விதை' என்று பொட்டலம் விற்கிறார்களே, அதை வாங்கித் தூவினால் போதாதா என்று என் மகள் கேட்டாள். அங்கேயும் பலர் இப்படித்தான் ஏமாந்திருக்கிறார்கள். பொட்டலத்தில் பெரும்பாலும் இருப்பது கோதுமை வயலில் முளைக்கும் ஓராண்டுச் செடிகள். வருடாவருடம் உழுத மண்ணில்தான் அவை வளரும். முதல் வருடம் கண்ணைப் பறிக்கும், இரண்டாம் வருடம் புல் மூடிவிடும். நம் ஊர்ப் பொட்டலங்களில் காஸ்மாஸும் செவ்வந்தியும்தான் இருக்கும். அழகு, தவறில்லை. ஆனால் நம் மையவாடிக்கு விதை வாங்கத் தேவையே இல்லை; மண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

கிதாபுகளில் இருப்பது

மையவாடியில் இதைப் பேசும்போது மார்க்கம் என்ன சொல்கிறது என்பதுதான் முதல் கேள்வியாக வரும், வர வேண்டும். இரண்டு கபுருகளின் அருகே நபி (ஸல்) அவர்கள் ஈரமான பேரீச்சை மட்டையை இரண்டாகப் பிளந்து ஒவ்வொன்றிலும் ஒன்றை நட்டதும், அவை காயும்வரை அவ்விருவருக்கும் வேதனை குறைக்கப்படலாம் என்று சொன்னதும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி. இது அவர்களுக்கு மட்டுமே உரிய செயலா, நாமும் செய்யலாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதற்குள் நான் போகவில்லை.

என்னைக் கவர்ந்தது வேறு இரண்டு இடங்கள். ஹனஃபி மத்ஹபின் பெரிய நூலான 'ரத்துல் முஹ்தார்'இல் இமாம் இப்னு ஆபிதீன், மையவாடியில் பச்சையாக இருக்கும் புல்லையும் செடியையும் வெட்டுவது மக்ரூஹ் என்றும், காய்ந்துவிட்டால் தடையில்லை என்றும் கூறுகிறார். 'ஃபதாவா ஆலம்கீரி'யில் இன்னொரு சட்டம்: மையவாடியில் புல் இருந்தால் அறுத்து வெளியே கால்நடைகளுக்குக் கொண்டுபோகலாம், கால்நடைகளை உள்ளே ஓட்டிவிடக் கூடாது.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பச்சையில் தொடாதே. காய்ந்த பின் அறு. அறுத்ததை வெளியே எடு. ஆட்டை உள்ளே விட்டுக் கபுரை மிதிக்க விடாதே. அந்தச் சட்டங்கள் பட்டாம்பூச்சிக்காக எழுதப்பட்டவை அல்ல, கபுரில் இருப்பவர்களின் கண்ணியத்துக்காக எழுதப்பட்டவை. ஆனாலும் இங்கிலாந்து விவசாயியின் வைக்கோல் அறுப்பு வரிசையும் இதுதான். கடலோரத்தில் நம்மில் பலர் ஷாஃபி மத்ஹப். விவரத்தை உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

நம் மண்ணில் செய்வது

இங்கிலாந்துக் காலண்டரை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே குளிர்காலம் தூங்கும் காலம்; நமக்குக் கோடைதான் தூக்கம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் நவம்பரில் தரை பச்சையாகும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூக்கும் காலம். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் விதை முற்றிக் கொட்டும். மார்ச் நடுவில் எல்லாம் காய்ந்து சரசரக்கும். அறுப்பதற்கு அதுதான் நேரம்.

இங்கேதான் நாம் யோசிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. நம் மையவாடிச் சுத்தம் பல ஊர்களில் பராஅத்தை ஒட்டித்தான் நடக்கிறது. (பராஅத் இரவைச் சிறப்பிப்பது பற்றிய விவாதத்துக்கு இது இடமில்லை, சுத்தம் நடக்கிறது என்பது நடைமுறை.) பிறைக் கணக்கு வருடத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னே வரும். 2018இல் பராஅத் மே மாதத் தொடக்கத்தில் வந்தது. விதையெல்லாம் கொட்டி வெறும் சருகுதான் கிடந்தது. எவ்வளவு அறுத்தாலும் நஷ்டமில்லை. 2024இல் பிப்ரவரி கடைசி வாரம். 2027இல் ஜனவரி பிற்பகுதிக்கு வந்துவிடும். 2030இல் டிசம்பர் மத்தி. அதாவது வரும் பல வருடங்களுக்கு, பூ விரிந்து நிற்கும் நேரத்தில் நாம் மருந்தும் இயந்திரமுமாக உள்ளே போவோம். ஓராண்டுச் செடியை விதைக்கு முன் தொடர்ந்து பல வருடம் வெட்டினால் மண்ணிலுள்ள விதை இருப்பு குறைந்துகொண்டே போகும். பழைய வழக்கம் முன்பு கெடுதல் செய்யவில்லை என்பதால் இனியும் செய்யாது என்று சொல்ல முடியாது.

தீர்வு எளிது. வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பராஅத்துக்கு முன் பாதைகளை மட்டும் அறுப்பது. சந்தூக் தூக்கி வர வசதியாக நடுப்பாதை அகலமாக, கபுரு வரிசைகளுக்கு இடையே ஓர் ஆள் நடக்கிற அளவுக்கு, மீஸான் கல்லைச் சுற்றி ஒரு சாண். மீதியை மார்ச்சில் அரிவாளால் அறுப்பது. பாதை நேராக வெட்டப்பட்டிருந்தால் பார்ப்பவருக்கு இது கவனிப்பாரற்ற இடமல்ல, வேண்டுமென்றே விடப்பட்டது என்று உடனே தெரியும். இங்கிலாந்திலும் ஊர்க்காரர்களின் முணுமுணுப்பை நிறுத்தியது அந்த ஓரம் வெட்டிய கோடுதான் என்கிறார்கள். மார்ச்சிலும் எல்லாவற்றையும் ஒரே நாளில் அறுக்க வேண்டாம். மூன்றில் ஒரு பங்கை அந்த வருடம் விட்டுவிட்டு, அடுத்த வருடம் வேறு பங்கை விடலாம். காய்ந்த தண்டில்தான் கூட்டுப்புழுவும் முட்டையும் ஒட்டியிருக்கும்.

அறுத்த புல்லை ஆடு வளர்ப்பவர்கள் வந்து அள்ளிக்கொள்வார்கள். ஒரு எச்சரிக்கை: அதில் எருக்கும் கிலுகிலுப்பையும் கலந்திருந்தால் முதலிலேயே பொறுக்கி எடுத்துவிடுங்கள், இரண்டும் ஆட்டுக்கு விஷம். தீ வைக்காதீர்கள். வேலை சுலபம்தான், ஆனால் மேல்மண்ணில் கிடக்கும் விதையும் பூச்சியும் சேர்ந்து போய்விடும்.

பிடுங்கவே வேண்டியவையும் உண்டு. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு. சீமைக்கருவேலங்கன்றை முழங்கால் உயரம் வருவதற்குள். உன்னிச் செடியையும் விடக்கூடாது. ஜேசிபி சுரண்டிய இடத்தில் எங்களுக்கு அடுத்த மழையில் முதலில் வந்தது தும்பையல்ல, பார்த்தீனியம்தான். வெறும் மண் கிடைத்தால் அது காத்திருக்காது. களையை ஒழிக்கக் கொடுத்த காசுக்கு நாங்கள் களையைத்தான் வாங்கினோம்.

பாம்பு பற்றிக் கேட்பார்கள். லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. பாம்பு புல்லுக்காக மட்டும் வருவதில்லை. எலிக்காகவும் ஒளிய இடத்துக்காகவும் வருகிறது. உடைந்த செங்கல் குவியல், பழைய பலகை, சுவரோரக் குப்பை இவற்றை முதலில் அகற்றுங்கள். பாதை சுத்தமாக இருக்கட்டும், இரவு அடக்கத்துக்குப் போகும்போது வெளிச்சம் இருக்கட்டும், குழி வெட்டுகிறவருக்கு நல்ல முழங்கால் பூட்ஸ் ஒரு ஜோடி ஜமாஅத் செலவில் வாங்கிக் கொடுங்கள். களைக்கொல்லிக்கு ஆகும் காசைவிடக் குறைவுதான்.

யார் யார் வருகிறார்கள்

தேனீ என்றால் நமக்குக் கூடு கட்டித் தேன் சேர்ப்பவைதான் நினைவுக்கு வரும். உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை. ஒற்றைத் தாய்த் தேனீ மண்ணில் விரல் நுழையாத துளையிட்டு, மகரந்த உருண்டை வைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடும். உழாத மண்தான் அவற்றுக்கு வீடு. பக்கத்துத் தோட்டத்துக் கத்தரியும் முருங்கையும் காய்ப்பதில் இவற்றுக்கும் பங்குண்டு.

எருக்கைக் கண்டால் நமக்கு அருவருப்பு. ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு ஓரத்தோடு மெதுவாகப் பறக்குமே வெந்தய வரியன், அதன் புழு எருக்கிலையைத்தான் தின்று வளர்கிறது. எருக்கின் விஷம் அதன் உடம்பில் ஏறுவதால் பறவைகள் தொடுவதில்லை. அது அவசரமில்லாமல் பறப்பதற்கு அதுவே காரணம். அதே இனத்தின் ஆண்கள் காய்ந்த கிலுகிலுப்பைத் தண்டில் மொய்த்துச் சாறு உறிஞ்சும். இணை தேடப் பயன்படும் வாசனைப் பொருளை அதிலிருந்துதான் அவை செய்துகொள்கின்றன. மஞ்சள் ஆவாரையில் கொன்னை வெள்ளையன் முட்டையிடும். புல் விதை முற்றினால் சில்லைக் குருவிகள் கூட்டமாக இறங்கும். ஒரு முஸ்லிம் நட்டதிலிருந்தோ விதைத்ததிலிருந்தோ பறவையோ மனிதனோ பிராணியோ தின்றால் அது அவருக்கு ஸதகா என்ற நபிமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நடாமல், விதைக்காமல், வெட்டாமல் விட்டதற்கு என்ன கணக்கு என்று ஹஜ்ரத்திடம் கேட்டேன். சிரித்துவிட்டு, "நிய்யத் வெச்சு விடுங்க" என்றார்.

இந்த வருடம் ஜமாஅத்தில் பேசினேன். முழு மையவாடிக்கும் சம்மதம் கிடைக்கவில்லை. "ஊர்க்காரங்க என்ன சொல்லுவாங்க" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கிழக்குச் சுவர் ஓரமாகப் பழைய கபுருகள் இருக்கும் பத்து சென்ட் அளவு இடம் மட்டும் ஒதுக்கினார்கள். ஜேசிபி அங்கே போகவில்லை, மருந்தும் அடிக்கவில்லை. பராஅத்துக்கு முன் இளைஞர்கள் பத்துப் பேர் இரண்டு மணி நேரத்தில் பாதை வெட்டி முடித்தார்கள். தும்பை மண்ணிலிருந்த விதையிலிருந்தே வந்திருந்தது, முன்னளவுக்கு இல்லை. விஷ்ணுகிராந்தியின் நீலப் பூவை அந்தச் சுவரோரம் இதுவரை நான் பார்த்ததில்லை. ஒருவேளை எப்போதும் இருந்து, நான்தான் குனிந்து பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் மூன்றாம் வாரம் அறுத்தோம். பெரியவர்தான் அரிவாள் தீட்டிக் கொடுத்தார். மூன்று கட்டுப் புல், இரண்டு வீட்டு ஆடுகளுக்குப் போனது. வடக்கு மூலையில் ஒரு பங்கை அறுக்காமல் விட்டபோது, "இதை எதுக்கு மிச்சம் வெக்கிறீங்க?" என்று கேட்டார். காய்ந்த எருக்கிலையின் அடியில் பச்சை நிறத்தில் தொங்கிய கூட்டுப்புழுவைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மறுநாள் குழி வெட்ட வேண்டிய இடத்தை அந்த மூலையிலிருந்து இரண்டு அடி தள்ளிக் குறித்துக்கொண்டார்.